சொந்த வசனம் இல்லாத நாயகன்

1939 டிசம்பர் 14. அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் கல்யாண வீடுபோல் களைகட்டியிருந்தது. மறுநாள் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி. கிளார்க் கேபிளும் விவியன் லீயும் ஊருக்கே வந்துவிட்டார்கள். அன்றிரவு நகர அரங்கத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமான விருந்தும் நடனமும் நடந்தன. விருந்தினர்களுக்குப் பாட எபநேசர் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் கறுப்பினப் பாடகர் குழுவை அழைத்திருந்தார்கள். குழுவினருக்குக் கொடுக்கப்பட்ட வேடம், பண்ணை அடிமைகள். பாடியவர்களில் பத்து வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். குழுவை நடத்தியவர் அவனுடைய அம்மா ஆல்பெர்ட்டா. பையனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

அந்தப் படத்தில் வேலைக்காரியாக நடித்து இரண்டே மாதத்தில் ஆஸ்கர் வாங்கப்போகிற ஹாட்டி மெக்டேனியல் அன்று அட்லாண்டாவில் இல்லை. வெள்ளையரோடு கறுப்பர் சரிசமமாக உட்கார முடியாத ஊர் அது. படத்தில் நடிக்கலாம், பக்கத்து நாற்காலியில் உட்காரக் கூடாது.

கிங்குக்கும் சினிமாவுக்குமான உறவு இப்படித்தான் தொடங்கியது. அடிமை வேடம் போட்ட அந்தப் பையனை நாயகனாக்கி ஒரு பெரிய கதைப்படம் திரையரங்குக்கு வர இன்னும் 75 ஆண்டுகள் ஆயின. 2014இல் வந்த 'செல்மா'தான் அது. காந்திக்கு 1982இல் ரிச்சர்ட் அட்டன்பரோ படம் எடுத்துவிட்டார். கிங்கின் சமகாலத்தவரும் பல விஷயங்களில் எதிர்முனையில் நின்றவருமான மால்கம் எக்ஸுக்கு 1992இல் ஸ்பைக் லீயின் படம் வந்துவிட்டது. பிறந்தநாளுக்குத் தேசிய விடுமுறை, எண்ணற்ற தெருக்களுக்குப் பெயர், தலைநகரில் சிலை என்று எல்லாம் கிடைத்த கிங்குக்கு மட்டும் ஏன் இந்தத் தாமதம்?

ஹாலிவுட்டின் தயக்கம் ஒரு காரணம். குடும்பத்தின் கெடுபிடி இன்னொன்று. இவை இரண்டையும்விட முக்கியமான ஒன்று உண்டு. கிங் ஏற்கெனவே படத்தில் இருந்தார். அவரையே கேமரா பார்த்திருந்தது. ஒரு நடிகன் எதற்கு என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கேமராவின் வலிமையை அந்தத் தலைமுறைத் தலைவர்களில் கிங் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. 1961-62இல் ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் அவருடைய போராட்டம் பிசுபிசுத்துப்போனது. அங்கே காவல்துறைத் தலைவராக இருந்த லாரி பிரிட்செட் கெட்டிக்காரர். போராட்டக்காரர்களை அடிக்காமல், கேமரா முன் மரியாதையாகக் கைதுசெய்து கொண்டுபோனார். செய்தியாளர்களுக்கு அனுப்ப ஒன்றும் கிடைக்கவில்லை. 1963இல் பர்மிங்ஹாமில் எதிரில் நின்றவர் புல் கானர். பள்ளிப் பிள்ளைகள்மீது போலீஸ் நாய்களை ஏவினார், தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார். அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. இரண்டு ஊர்களிலும் கிடைத்த பாடத்தை வைத்துக்கொண்டுதான் 1965இல் அலபாமாவின் செல்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஷெரிஃப்பாக இருந்த ஜிம் கிளார்க் முன்கோபி. கேமரா இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கைநீட்டுகிற ஆள் அல்ல.

செல்மாவில் புகைப்படக்காரர் ஃபிளிப் ஷுல்கே ஒருமுறை, கிளார்க்கின் ஆட்கள் சிறுவர்களைத் தள்ளி மிதிப்பதைப் பொறுக்க முடியாமல், கேமராவைக் கீழே வைத்துவிட்டு உதவிக்கு ஓடினார். பிறகு விஷயம் கேள்விப்பட்ட கிங் அவரைக் கடிந்துகொண்டார். நீங்கள் எடுக்காவிட்டால் குழந்தை அடிபட்டது உலகத்துக்குத் தெரியாமலே போய்விடும், இந்தச் சண்டையில் இன்னோர் ஆளாகச் சேர்வதைவிட நீங்கள் படமெடுப்பதுதான் முக்கியம் என்கிற பொருளில் அவர் சொன்னதாக ஷுல்கே பின்னாளில் நினைவுகூர்ந்தார். கேட்கக் கொஞ்சம் கல்நெஞ்சம்போலத் தெரியும். ஆனால் அந்த இயக்கத்தின் உத்தி அதுதான்.

அந்த உத்தி பலித்த நாள் 1965 மார்ச் 7. வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்கோமரிக்கு நடக்கக் கிளம்பிய சுமார் 600 பேரை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் மாநிலப் போலீசார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் சிதறடித்தார்கள். முன்வரிசையில் நின்ற 25 வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அன்றிரவு ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்' படம் ஓடிக்கொண்டிருந்தது. நாஜிகளுக்குத் துணைபோன நீதிபதிகளை விசாரிக்கும் கதை. படத்தைப் பாதியில் நிறுத்தி, சுமார் 15 நிமிடம் செல்மாக் காட்சிகளைப் போட்டார்கள். கிட்டத்தட்ட 4.8 கோடிப் பேர் பார்த்தார்கள். ஜெர்மனியில் நடந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்த நாட்டின் காட்சி இடைவேளையில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியச் சிலருக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததாம்.

எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணியாத தற்செயல் ஒன்று இதில் உண்டு. அன்று பாதியில் நிறுத்தப்பட்ட படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கியவர் அபி மான். 1978இல் கிங்கின் வாழ்க்கையை முதன்முதலாகத் தொலைக்காட்சித் தொடராக எழுதி இயக்கியவரும் அவரே. பால் வின்ஃபீல்ட் கிங்காகவும் சிசிலி டைசன் அவருடைய மனைவி கொரெட்டாவாகவும் நடித்தார்கள். பேருந்தில் எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸாக நடித்தவர் கிங்கின் மூத்த மகள் யோலண்டா. மூன்று இரவுகள் ஓடிய அந்தத் தொடரில் நடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் பிறப்பிலிருந்து சாவுவரை சொல்லியாக வேண்டும் என்ற அவசரத்தில் நிகழ்ச்சிகள் வரிசையாகக் கடந்துபோகும். ஒரு மனிதனின் 39 ஆண்டுகளையும் சொல்ல முயலும் படத்தில் எந்த ஆண்டும் மனதில் நிற்பதில்லை.

ஆவணப்படக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை, இரண்டரை லட்சம் பேர் கூடிய அந்த நாளை, அமெரிக்க அரசே படமாக்கியது. வெளிநாடுகளில் அமெரிக்காவின் பெருமையைப் பரப்ப இருந்த அரசுத் தகவல் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் புளூ என்ற இளம் இயக்குநர் எடுத்த 'தி மார்ச்' அது. அரை மணி நேரம். விடியலில் சாண்ட்விச் கட்டுகிறவர்கள், பேருந்துகளில் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவர்கள், வெயிலில் கால்வலியோடு நிற்கிறவர்கள் எல்லாரும் வந்து முடிந்த பிறகுதான் கிங் வருவார். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத படம். ஒரே ஒரு கோளாறு, அமெரிக்கர்கள் அதைப் பார்க்க முடியவில்லை. அரசின் வெளிநாட்டுப் பிரசாரத்தை உள்நாட்டில் காட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. பேரணிக்கு நடந்துபோன மக்கள் தங்கள் பேரணியின் படத்தைப் பார்க்க 1990வரை காத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அமெரிக்க ஜனநாயகத்தின் சான்றாக அனுப்பப்பட்ட கிங்கின் தொலைபேசியை, அதே அரசின் இன்னொரு துறை அப்போது ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கிங் சுடப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970 மார்ச் 24 அன்று, அமெரிக்காவின் 600க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே ஓர் இரவு மட்டும் ஒரு படம் ஓடியது. தயாரிப்பாளர் எலி லேண்டாவ். டிக்கெட் ஐந்து டாலர், அந்தக் காலத்துக்கு அதிகம். வசூல் கிங்கின் பெயரிலான நிதிக்குப் போனது. 'கிங்: எ ஃபிலிம்ட் ரெக்கார்ட்... மான்ட்கோமரி டு மெம்பிஸ்' என்ற அந்த மூன்று மணி நேர ஆவணப்படத்தில் விளக்கக் குரல் கிடையாது. செய்திப்படக் காட்சிகளை அப்படியே கோத்திருப்பார்கள். இடையிடையே ஹாரி பெலஃபான்டே, பால் நியூமன், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் போன்றவர்கள் தோன்றிச் சில வரிகள் சொல்லிப் போவார்கள். அந்தப் பகுதிகளை சிட்னி லூமெட்டும் ஜோசப் மேன்கிவிச்சும் இயக்கினார்கள். நட்சத்திரங்கள் வரும் இடங்கள்தான் இன்று பழசாகத் தெரிகின்றன. மற்றவை அப்படித் தெரியவில்லை. மான்ட்கோமரியில் 26 வயதில் மேடையேறும் இளைஞனின் கன்னக் கதுப்பும், அவர் சுடப்பட்ட மெம்பிஸில் 39 வயதுக்காரரின் கண்ணுக்குக் கீழ் தொங்கும் களைப்பும் ஒரே உட்காரலில் கிடைக்கும்போது, ஒப்பனைக்காரரால் செய்ய முடியாத ஒன்றைப் பார்க்கிறோம்.

1965இல் செல்மாவில் மார்ச் 9 அன்று இரண்டாவது ஊர்வலம் பாலம்வரை போய்த் திரும்பியது. அதில் போலியோவால் காலில் இரும்புப் பட்டை கட்டிய ஹென்றி ஹாம்ப்டன் என்ற இளைஞரும் நடந்தார். இதை ஒருநாள் படமாக எடுக்க வேண்டும் என்று அப்போதே அவருக்குத் தோன்றியது. 22 ஆண்டுகள் கழித்து 1987இல் அது 'ஐஸ் ஆன் த பிரைஸ்' என்ற தொடராக வந்தது. முதல் பாகம் ஆறு பகுதிகள், 1990இல் இன்னும் எட்டு. ஹாம்ப்டன் எடுத்த முடிவு துணிச்சலானது. கிங்கை நடுவில் உட்காரவைக்க மாட்டேன் என்று விட்டார். ஊர் ஊராக இயக்கத்தைக் கட்டிய பெண்கள், மாணவர்கள், பாதிரிமார்கள், அடித்த போலீஸ்காரர்கள் என்று எல்லாரையும் பேசவைத்தார். கிங் வருகிறார், போகிறார். அவர் வருவதற்கு முன்பே அங்கே ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. கிங்கைப் பற்றி வந்த படங்களிலேயே ஆகச் சிறந்தது எது என்று கேட்டால், கிங்கைப் பற்றியது என்று சொல்லிக்கொள்ளாத இந்தத் தொடரைத்தான் இந்தக் கட்டுரை முன்வைக்கும்.

அந்தத் தொடரே சில ஆண்டுகளில் காணாமல் போனது. அதில் இருந்த செய்திப்படத் துண்டுகள், புகைப்படங்கள், பாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம். பணம் குறைவாக இருந்ததால் குறுகிய காலத்துக்குத்தான் வாங்கியிருந்தார்கள். 1990களில் உரிமங்கள் காலாவதியாக, தொலைக்காட்சியில் மறுபடி போட முடியாமல் போயிற்று. கிங்குக்கு நண்பர்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடும் காட்சிக்குக்கூடப் பிரச்சினை இருந்தது, 'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்கு அப்போது பதிப்புரிமை கோரப்பட்டுக்கொண்டிருந்தது. அறக்கட்டளைகள் பணம் கொடுத்து உரிமங்களைப் புதுப்பித்த பிறகு 2006இல்தான் தொடர் திரும்பி வந்தது. ஹாம்ப்டன் 1998இலேயே இறந்துவிட்டிருந்தார்.

உரிமம் என்றதும் கிங்கின் குடும்பத்துக்கு வந்தாக வேண்டும். வாஷிங்டன் பேரணியில் ஆற்றிய கனவு உரைக்கு 1963லேயே கிங் பதிப்புரிமை பதிந்துகொண்டார். அனுமதி இல்லாமல் இசைத்தட்டு விற்றவர்கள்மீது வழக்கும் போட்டார். வந்த பணம் இயக்கத்துக்குப் போகட்டும் என்பதே எண்ணம். நோபல் பரிசுப் பணத்தையே இயக்கத்துக்குக் கொடுத்துவிட்ட மனிதர் அவர். மனைவிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் விட்டுப்போன பெரிய சொத்து அவருடைய சொற்கள்தான். ஆகவே அந்தச் சொற்களுக்குக் குடும்பம் விலை வைத்ததை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது போன தூரம் கொஞ்சநஞ்சமல்ல. 1963இல் தன் சொந்தக் கேமராவால் படம்பிடித்த உரையை 1990களில் ஓர் ஆவணத் தொடரில் பயன்படுத்திய சி.பி.எஸ். தொலைக்காட்சிமீது வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் முன் பேசியதாலேயே உரை பொதுச் சொத்தாகிவிடாது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாஷிங்டனில் கிங்குக்கு நினைவிடம் கட்டிய அமைப்பே அவருடைய சொல்லையும் உருவத்தையும் பயன்படுத்த சுமார் 8 லட்சம் டாலர் கொடுத்தது.

சினிமாவிலும் இதே கதைதான். 2009இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பங்குதாரராக இருந்த ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் கிங்கின் உரைகளுக்கான திரைப்பட உரிமையை வாங்கியது. படம் வரவில்லை. பால் கிரீன்கிராஸ், கிங்கின் கடைசி நாள்களைப் பற்றி 'மெம்பிஸ்' என்று எழுதிய படத்தை 2011இல் யுனிவர்சல் கைவிட்டது. ஆலிவர் ஸ்டோன் ஜேமி ஃபாக்ஸை வைத்து எடுக்க நினைத்த படம் 2014இல் நின்றுபோனது. திருமணத்துக்கு வெளியே கிங்குக்கு இருந்த உறவுகளைத் தன் திரைக்கதை தொட்டதைத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை என்று ஸ்டோன் வெளிப்படையாகவே சொன்னார்.

இத்தனை தடைக்கும் நடுவில் ஒரு படம் எப்படி வந்தது? நாயகனின் சொந்த வசனமே வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்ததால் வந்தது.

ஆவா டூவெர்னே அதற்கு முன் சினிமா விளம்பரத் துறையில் இருந்தவர். சிறிய படங்கள் எடுத்திருந்தார். பால் வெப் எழுதிய 'செல்மா' திரைக்கதை பல ஆண்டுகளாகப் பல இயக்குநர்களின் கைமாறிக் கிடந்தது. அதில் நடிக்க 2007லிருந்தே துடித்துக்கொண்டிருந்த டேவிட் ஒயெலோவோ, தன்னை முன்பு ஒரு படத்தில் இயக்கிய டூவெர்னேயின் பெயரைச் சொன்னார். வந்தவர் திரைக்கதையைப் பெரிதும் மாற்றினார். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனைச் சுற்றியிருந்த கதையைச் செல்மாவின் மக்கள் பக்கம் திருப்பினார். அமீலியா பாய்ன்டன், டயான் நாஷ், ஆனி லீ கூப்பர் போன்ற பெண்கள் உள்ளே வந்தார்கள். கூப்பராக ஓப்ரா வின்ஃப்ரே நடித்தார். ஒப்பந்தப்படி எழுத்தாளர் பெயர் மட்டும் வெப்புக்கே போனது.

உரைகள்? உரிமை இன்னொரு ஸ்டூடியோவிடம். டூவெர்னே உட்கார்ந்து கிங்கின் பேச்சைக் கேட்டுக்கேட்டு, அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றிக்கொண்டு போவார், எந்த இடத்தில் விவிலியத்துக்குள் நுழைவார் என்று பிடித்துக்கொண்டு, புதிய உரைகளை எழுதினார். கருத்து கிங்குடையது, வரி ஒன்றுகூட அவருடையதல்ல. படம் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது. சட்டத்தின் நெருக்கடியால் வந்த இந்த ஏற்பாடு படத்துக்கு நல்லதே செய்தது என்று அடித்துச் சொல்லலாம். அசல் உரைகள் இருந்திருந்தால் ஒயெலோவோ மிமிக்ரி கலைஞராகியிருப்பார். அரங்கமும் கூடச் சேர்ந்து முணுமுணுத்திருக்கும். மனப்பாடமான பாட்டு ஒலிக்கும்போது யாரும் கவனித்துக் கேட்பதில்லை. தெரியாத சொற்களில் பேசியதால் இந்தக் கிங் என்ன சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதே உரிமை விஷயத்தின் இன்னொரு முகத்தையும் பார்த்துவிடலாம். 2018 சூப்பர் பவுல் கால்பந்து இறுதிப் போட்டியின்போது ராம் டிரக் நிறுவனம் ஒரு விளம்பரம் போட்டது. பின்னணியில் ஒலித்தது கிங்கின் குரல், சரியாக 50 ஆண்டுகளுக்கு முன் அதே பிப்ரவரி 4 அன்று அவர் ஆற்றிய பிரசங்கம். சொத்து உரிமையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அனுமதித்திருந்தது. அதே பிரசங்கத்தின் இன்னொரு பகுதியில், அண்டை வீட்டுக்காரன் பொறாமைப்பட இந்தக் காரை வாங்கு என்று ஆசைகாட்டும் விளம்பரக்காரர்களைக் கிங் கிண்டலடிக்கிறார். டிரக்குக்குக் கிடைத்த குரல் 'செல்மா'வுக்குக் கிடைக்கவில்லை.

டூவெர்னேயின் இன்னொரு நல்ல முடிவு, காலத்தைச் சுருக்கியது. 1964 டிசம்பர் நோபல் பரிசிலிருந்து 1965 மார்ச் கடைசிவரை, மூன்று மாதச் சொச்சம்தான் கதை. பிள்ளைப் பருவம் கிடையாது, கனவு உரை கிடையாது, மெம்பிஸ் கிடையாது. கிங் குப்பைப்பையை வெளியே கொண்டுபோகிறார், 'டை' கட்டத் தடுமாறுகிறார், நண்பர் வீட்டில் காலை உணவுக்கு உட்காருகிறார், செல்மாவின் ஷெரிஃப் புல் கானரா பிரிட்செட்டா என்று மாணவர் இயக்கத்தினரிடம் தொழில்முறையாக விசாரிக்கிறார். படத்தின் உச்சமான பாலத்துக் காட்சியில் நாயகன் இல்லை. வரலாற்றிலும் மார்ச் 7 அன்று கிங் செல்மாவில் இல்லை, அட்லாண்டாவில் இருந்தார். எந்த மசாலாப் படமும் நாயகனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்.

மிகச் சிறந்த காட்சி ஒரு வரவேற்பறையில் நடக்கிறது. கிங்கின் அந்தரங்க ஒலிகள் என்று சொல்லி எஃப்.பி.ஐ. அனுப்பிய நாடாவைக் கேட்ட கொரெட்டா, கணவரிடம் நிதானமாகக் கேள்வி கேட்கிறார். மற்றவர்களை நேசிக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பிறகு ஒயெலோவோ எடுத்துக்கொள்ளும் இடைவெளி நீளமானது. கொரெட்டாவாக நடித்த கார்மென் எஜோகோ, 2001இல் வந்த 'பாய்காட்' தொலைக்காட்சிப் படத்திலும் கொரெட்டாதான். கிங்கைப் புனிதராக்காமலும் கீழே இழுத்துப் போடாமலும் இந்த விஷயத்தை இரண்டு நிமிடத்தில் முடித்த அந்தக் காட்சி, ஸ்டோன் எடுக்க நினைத்த படம் சாத்தியம்தான் என்று காட்டிவிட்டது.

படத்துக்கு எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஜான்சனிடம் உதவியாளராக இருந்த ஜோசஃப் கலிஃபானோ, படம் தன் தலைவரை வில்லனாக்கிவிட்டது என்று வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார். செல்மாவே ஜான்சனின் யோசனை என்று அவர் சொன்னதை வரலாற்றாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் 1965 ஜனவரி 15, கிங்கின் பிறந்தநாளன்று இருவரும் தொலைபேசியில் பேசிய பதிவு இருக்கிறது. வாக்குரிமை மறுப்பின் மிக மோசமான உதாரணத்தைக் கண்டுபிடித்து ஊரறியச் செய்யுங்கள் என்று அதில் ஜான்சனே யோசனை சொல்கிறார். படத்தில் வரும் ஜான்சன் அவ்வளவு இணக்கமானவர் அல்ல. நாடாவை அனுப்ப அவர் தலையசைத்ததுபோலவும் படத்தில் தோன்றும். நாடா 1964 நவம்பரிலேயே அனுப்பப்பட்டுவிட்டது. ஒட்டுக்கேட்க 1963 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தவர் அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடி. இந்த இடத்தில் படம் தவறு செய்திருக்கிறது. அதற்காக, வெள்ளை ஜனாதிபதி கொடுத்த வரம்தான் வாக்குரிமை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதையைத் திருப்பிப் போட்டதன் மதிப்பு குறைந்துவிடாது.

2015 ஆஸ்கரில் 'செல்மா'வுக்கு இரண்டே பரிந்துரைகள், சிறந்த படம், சிறந்த பாடல். 'குளோரி' பாடல் வென்றது. ஒயெலோவோவும் டூவெர்னேயும் பட்டியலில் இல்லை. அந்த ஆண்டு நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையர்களுக்கே. ஆஸ்கர் இவ்வளவு வெள்ளையா என்ற கேலியான ஹேஷ்டேக் சமூக ஊடகத்தில் பற்றிக்கொண்டது அப்போதுதான். அடுத்த ஆண்டும் அதே கதை நடக்க, உறுப்பினர்களில் பெண்கள், சிறுபான்மையினர் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக அகாடமி அறிவித்தது. (நான்கு முக்கிய வேடங்கள், அதாவது கிங், கொரெட்டா, ஜான்சன், அலபாமா ஆளுநர் வாலஸ், எல்லாவற்றிலும் நடித்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள் என்பது தனி வேடிக்கை.)

கிங் பலரில் ஒருவராக வரும் படங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. 'பாய்காட்'டில் ஜெஃப்ரி ரைட், தனக்கு இந்தத் தலைமை எதற்கு என்று திகைக்கும் இளம் பாதிரியாக அசத்துவார். மான்ட்கோமரியின் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை அமைப்பாக்கியவர்களுக்கு நடுவே அவர் ஒருவர், அவ்வளவுதான். 2023இல் வந்த 'ரஸ்டின்' படத்தின் நாயகன் பேயர்ட் ரஸ்டின். வாஷிங்டன் பேரணியை இரண்டு மாதத்துக்குள் ஏற்பாடு செய்துகாட்டியவர், கிங்குக்கு அகிம்சையின் நடைமுறையைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், தன்பாலின ஈர்ப்பாளர். அவரை வைத்து அவதூறு கிளப்புவோம் என்று மிரட்டல் வந்தபோது 1960இல் கிங் அவரைக் கைவிட்டார். கோல்மன் டொமிங்கோவின் நடிப்பு ஆஸ்கர் பரிந்துரை வரை போன இந்தப் படத்தில், தயங்குகிற, நண்பனைக் காக்கத் தவறுகிற கிங்கைப் பார்க்கிறோம்.

ரஸ்டின் 1948லேயே இந்தியா வந்தவர். கிங்கும் கொரெட்டாவும் 1959இல் ஒரு மாதம் இங்கே சுற்றினார்கள், சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி வரை வந்தார்கள். 'பாய்காட்', 'செல்மா' இரண்டின் கால எல்லைக்கும் வெளியே அந்தப் பயணம் விழுந்துவிட்டது.

எஃப்.பி.ஐ. விஷயத்துக்குத் திரும்புவோம். 2020இல் சாம் பொலார்ட் இயக்கிய 'எம்.எல்.கே./எஃப்.பி.ஐ.' ஆவணப்படம் அதை மட்டுமே பேசுகிறது. எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவரின் ஆட்கள் கிங்கின் விடுதி அறைகளில் கருவி பொருத்தினார்கள். பெயரில்லாத கடிதம் ஒன்றை நாடாவோடு அனுப்பி, அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் தொனியில் மிரட்டினார்கள். பொலார்டின் படத்தில் கூர்மையான பகுதி, பழைய ஹாலிவுட் துண்டுகளை அவர் நடுவே செருகியிருப்பது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'தி எஃப்.பி.ஐ. ஸ்டோரி' போன்ற படங்களில் அதிகாரிகள் கண்ணியவான்கள், நாட்டைக் காக்கும் வீரர்கள். அந்த நாள்களில் சாதாரண வெள்ளை அமெரிக்கர் ஹூவருக்கும் கிங்குக்கும் நடுவே ஹூவரை நம்பியதற்குச் சினிமாவும் காரணம் என்பதைப் பொலார்ட் சொற்பொழிவு இல்லாமல் காட்டிவிடுகிறார். அந்தரங்கத்தைத் திருடியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை எந்த அளவு நம்புவது என்ற கேள்வியையும் அவர் மழுப்பவில்லை. அந்த ஒலிப்பதிவுகள் 1977இல் நீதிமன்ற உத்தரவால் 50 ஆண்டுகளுக்கு முத்திரையிடப்பட்டவை.

இத்தனை படங்களிலும் ஒரு கிங் மட்டும் ஓரமாகவே நிற்கிறார், கடைசி மூன்று ஆண்டுகளின் கிங். 1966இல் சிகாகோவில் வீட்டு வசதிக்காகப் போராடிக் கல்லடி பட்டவர், 1967 ஏப்ரலில் வியட்நாம் போரைக் கண்டித்துப் பத்திரிகைகளின் ஏச்சை வாங்கியவர், ஏழைகளின் பேரணிக்கு எல்லா நிறத்தவரையும் திரட்டியவர். 1966 கேலப் கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். 2018இல் பீட்டர் குன்ஹார்ட் எடுத்த 'கிங் இன் த வில்டர்னஸ்' ஆவணப்படம் இந்தக் காலத்தைப் பேசுகிறது. 1993இல் வந்த 'அட் த ரிவர் ஐ ஸ்டாண்ட்' மெம்பிஸை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே 1968 பிப்ரவரியில் குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் சிக்கி எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் நசுங்கி இறந்தார்கள். 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணைநிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்டார்.

பேருந்து இருக்கைக்கும் வாக்குச் சீட்டுக்கும் போராடிய கிங்கை ஹாலிவுட் ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. கூலியையும் போரையும் பற்றிப் பேசிய கிங்கை நாயகனாக்கிப் பெரிய ஸ்டூடியோ ஒன்றும் இன்னும் கதைப்படம் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் போக முயன்ற 'மெம்பிஸ்' காகிதத்திலேயே நின்றுவிட்டது.

பார்க்கத் தொடங்க நினைப்பவர்கள் 1970 ஆவணப்படத்திலிருந்து தொடங்குங்கள், அசல் குரல் காதில் ஏறட்டும். அதற்குப் பிறகு 'செல்மா'. நேரம் இருந்தால் 'ஐஸ் ஆன் த பிரைஸ்' முழுவதையும் பாருங்கள். முத்திரையிட்ட எஃப்.பி.ஐ. நாடாக்களுக்கான 50 ஆண்டுக் கெடு 2027 ஜனவரி 31 அன்று முடிகிறது. அவை வெளிவந்தால் கிங்கைப் பற்றிய அடுத்த சுற்றுப் படங்களும் சண்டைகளும் அங்கிருந்துதான் கிளம்பும்.